கூலிக்கு வாங்கிய கண்

நம்முடைய மத்தியதரக் குடும்பங்களில் ஒரு புதிய சடங்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஜாதகம் பார்த்தாகிவிட்டது, பொருத்தம் இருக்கிறது. பெண்ணும் பிள்ளையும் சந்தித்துப் பேசி, 'சரி' என்று சொல்லிவிட்டார்கள். பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு, நிச்சயதார்த்தத்துக்கு முன்னால், ஒருவருக்கும் தெரியாமல் ஒரு காரியம் நடக்கிறது. பிள்ளை வீட்டார் பெண்ணின் மேல் ஆள் வைக்கிறார்கள். பெண் வீட்டார் பிள்ளையின் மேல் ஆள் வைக்கிறார்கள். பணம் கட்டி, ரசீது வாங்கிக்கொண்டு, 'திருமணத்துக்கு முந்தைய விசாரணை' என்று அதற்கு ஒரு கௌரவமான பெயரும் சூட்டியிருக்கிறார்கள்.

இதை நான் அநாகரிகம் என்று சொல்கிறேன். சொன்னால், "உங்களுக்கென்ன சார், நீங்கள் கதை எழுதுகிறவர்; பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறவனுக்கல்லவா வயிற்றில் நெருப்பு!" என்கிறார்கள். அந்த நெருப்பைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன். அதற்கு முன் பேசி முடிக்க வேண்டிய வேறு விஷயங்கள் இருக்கின்றன.

இதே குடும்பத்துப் பெரியவர்கள், சர்க்கார் வேவு பார்க்கிறது என்றால் பொங்கி எழுகிறார்கள். 2021 ஜூலையில் பெகாசஸ் என்ற இஸ்ரேல் நாட்டு மென்பொருளைப் பற்றிய செய்தி வெடித்தது. பத்திரிகைக்காரர்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் முதலானோரின் செல்போன்கள் குறிவைக்கப்பட்டன என்று சொன்னார்கள். அந்த வருஷம் அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் ஒரு நிபுணர் குழுவை நியமித்தது. குழு சோதித்த 29 போன்களில் ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022 ஆகஸ்டில் கோர்ட்டிலேயே வெளிவந்தது. காலைக் காப்பியோடு இதைப் படித்துவிட்டு, "இந்த நாட்டில் மனிதன் நிம்மதியாக மூச்சு விட முடியுமா?" என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். நியாயமான கோபம்தான். ஆனால், பேப்பரை மடித்து வைத்துவிட்டு, வரப்போகிற மருமகள் எந்த பஸ்ஸில் ஏறுகிறாள், யாரோடு டிபன் சாப்பிடுகிறாள் என்று பார்த்து வர ஆள் அனுப்புகிறவருக்கு, அந்தக் கோபத்தைக் கொள்ள என்ன யோக்கியதை இருக்கிறது?

அந்தரங்கம் என்பது நமக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. அது கிடைத்த கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்று ஒருவர். 1941ல் ஒரு கொள்ளை வழக்கில் போலீஸார் அவரைப் பிடித்தார்கள். சாட்சியம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். விட்டார்களே தவிர, அவர் பெயரில் ஒரு ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். அவர் வீட்டை மறைந்திருந்து கவனிப்பது, நடுராத்திரியில் கதவைத் தட்டி எழுப்புவது, ஊரை விட்டு எங்கே போனாலும் தகவல் சொல்லச் சொல்வது. இப்படிப் பல வருஷங்கள். அந்த மனிதர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1962 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ராத்திரியில் வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொன்ன கோர்ட், மறைந்திருந்து கவனிப்பதைத் தடுக்கவில்லை. அந்தரங்கம் என்பது நமது அரசியல் சட்டம் உறுதியளித்த உரிமை அல்ல என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். இல்லை, வேவுக் கண்ணுக்குக் கீழே வாழ்கிறவனுக்குச் சுதந்திரம் ஏது என்று மாறுபட்டு எழுதியவர்களில் ஒருவர் நீதிபதி சுப்பா ராவ். நம்முடைய சென்னை ஹைக்கோர்ட்டில் நீதிபதியாக இருந்தவர்.

1994ல் இன்னொரு வழக்கு. தூக்குத் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த ஆட்டோ சங்கரின் சுயசரிதையை 'நக்கீரன்' பத்திரிகை வெளியிடுவது பற்றி எழுந்த வழக்கு அது. பொது ஆவணங்களில் இருப்பதைப் பத்திரிகை வெளியிடலாம் என்று சொன்ன சுப்ரீம் கோர்ட், அதோடு கூடவே, தன் குடும்பம், தன் திருமணம், தன் பிள்ளைகள் ஆகிய விஷயங்களில் தன்னைத் தனியே விட்டுவிடும்படி கேட்க ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு என்றும் சொன்னது. கடைசியில், 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள். கரக் சிங்குக்கு 1962ல் மறுக்கப்பட்டது 55 வருஷங்கள் கழித்து நம் எல்லோருக்கும் வழங்கப்பட்டது. கொள்ளைக்காரன் என்று சந்தேகிக்கப்பட்ட ஒருவனும், கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவனும் இடையில் நின்று வாங்கிக் கொடுத்த உரிமை இது. அதைத்தான் நாம் ஒரு பெண்ணின் ஜாதகத்தோடு சேர்த்து மடித்து மூலையில் போட்டுவிடுகிறோம்.

சர்க்காரை நான் நம்பச் சொல்லவில்லை. ஒரு நாளும் சொல்ல மாட்டேன். ஆனால் சர்க்கார் டெலிபோனை ஒட்டுக் கேட்பதற்குக்கூட ஏதோ ஒரு முறை இருக்கிறது. 1885ல் வெள்ளைக்காரன் போட்ட தந்திச் சட்டத்தை வைத்துக்கொண்டு இஷ்டத்துக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1996ல் சுப்ரீம் கோர்ட் குறுக்கிட்டது. உள்துறைச் செயலாளர் கையெழுத்து வேண்டும். காரணம் எழுத வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேல் வேண்டுமானால் புதுப்பிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் கூடவே கூடாது. ஒரு குழு அதைப் பரிசீலிக்க வேண்டும். 2023ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டமும் 2024ல் வந்த விதிகளும் ஏறக்குறைய இதே தடத்தில்தான் போகின்றன. கையெழுத்துப் போடுகிறவரும் சர்க்கார், பரிசீலிக்கிறவரும் சர்க்கார், நீதிபதிக்கு அதில் வேலையே இல்லை என்பது பெரிய ஓட்டை; ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ஒரு காகிதம் இருக்கிறது. காகிதம் இருப்பதால்தான், 2011ல் போட்ட ஓர் ஒட்டுக்கேட்பு உத்தரவை 2025 ஜூலையில் சென்னை ஹைக்கோர்ட் செல்லாது என்று ரத்து செய்ய முடிந்தது.

நாம் கூலிக்கு அமர்த்துகிறோமே, அந்தத் துப்பறியும் ஆசாமிக்கு என்ன காகிதம் இருக்கிறது?

ஒன்றும் இல்லை. வங்கி வாசலில், அடுக்குமாடி வீட்டு வாசலில், காக்கிச் சட்டையோடு நிற்கிறாரே காவலாளி, அவரை வேலைக்கு வைக்கும் கம்பெனிக்கு 2005ம் வருஷச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். அவருடைய பூர்வோத்தரம் விசாரிக்கப்பட வேண்டும். அவருக்குப் பயிற்சி கொடுக்கப்பட வேண்டும். வாசலில் நிற்கிறவனுக்கு இத்தனை கட்டுப்பாடு. ஜன்னல் வழியாகப் பார்க்கிறவனுக்கு ஒரு கட்டுப்பாடும் கிடையாது! தனியார் துப்பறியும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2007ல் ராஜ்யசபையில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். லைசென்ஸ் வேண்டும், தனிமனிதனின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது என்றெல்லாம் அதில் யோசனைகள் இருந்தன. அது சட்டமாகவே இல்லை. ஒரு மேஜை, ஒரு டெலிபோன், ஒரு பெயர்ப்பலகை. இவை இருந்தால் இன்றைக்கே யாரும் துப்பறியும் நிபுணராகிவிடலாம்.

இந்தத் தொழிலில் யோக்கியர்களே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. காணாமல் போனவர்களைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். போலிச் சரக்கு எங்கே தயாராகிறது என்று கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பொய்யான இன்ஷூரன்ஸ் கேட்பைப் பிடித்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சட்டம் இல்லாத சந்தையில் யோக்கியனுக்கும் அயோக்கியனுக்கும் ஒரே பலகைதான். 2013ல் ராஜ்யசபை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜெட்லியின் டெலிபோன் அழைப்புப் பட்டியலையே கள்ளத்தனமாக எடுக்கப் பார்த்தார்கள். அந்த வழக்கில் கைதானவர்களில் தனியார் துப்பறிவாளர்களும் இருந்தார்கள். டில்லி போலீஸ்காரரும் இருந்தார். 2018ல் மகாராஷ்டிரத்தில் தானே நகரப் போலீஸார், இதே அழைப்புப் பட்டியல் வியாபாரத்துக்காகத் துப்பறிவாளர்கள் பலரைக் கைது செய்தார்கள். ஒரு பெரிய கட்சித் தலைவரின் கதியே இதுவென்றால், கம்பெனியில் கணக்கெழுதும் ஒரு பெண்ணின் கதி என்ன?

சட்டம் அவளைக் காப்பாற்றாதா என்று கேட்கலாம். பெண்ணைப் பின்தொடர்வது குற்றம் என்று 2013ல் சட்டம் திருத்தினார்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் நியாய சம்ஹிதையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. ஆனால் அதன் வாசகத்தைப் படித்துப் பாருங்கள். அவள் விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்ள முயல்கிறவனையும், அவளுடைய இணையத் தொடர்பைக் கண்காணிக்கிறவனையும்தான் அது பிடிக்கிறது. பத்தடி தள்ளி, ஒரு வார்த்தை பேசாமல், பத்து நாள் பின்னால் போய், நோட்டில் குறித்துக்கொள்கிறவன் அதில் அகப்படுவது கஷ்டம். தெருவில் சீட்டியடிக்கிற விடலைப் பையனை ஜெயிலில் போடலாம். கூலி வாங்கிக்கொண்டு பின்னால் போகிறவருக்கு நாமே பில் பணம் கொடுக்கிறோம். 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்றால், அது கம்ப்யூட்டரில் ஏறிய தகவலுக்குத்தான். நோட்டுப் புத்தகத்துக்கும் நாக்குக்கும் அது பொருந்தாது.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், இப்படி வந்த அறிக்கை ஒன்றை என்னிடம் படிக்கக் கொடுத்தார். பெண்ணின் பெயரை மட்டும் மறைத்திருந்தார். "பாருங்கள், எவ்வளவு நேர்த்தியாக எழுதியிருக்கிறான்! நீங்கள்கூட இப்படி எழுத முடியாது" என்றார். உண்மைதான், நான் இப்படி எழுத மாட்டேன். காலை எட்டேகாலுக்கு விடுதியிலிருந்து கிளம்புகிறாள். ஓட்டலில் தனியாக உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிடுகிறாள். மாதம் பிறந்ததும் தகப்பனார் பேரில் உள்ள கடனுக்குப் பணம் கட்டுகிறாள். மாலையில் கூட வேலை செய்யும் ஒருவர் ஸ்கூட்டரில் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்து விடுகிறார். ஒரு புதன்கிழமை, பஸ் நிறுத்தத்தில், ஏறக்குறைய பதினைந்து நிமிஷம் அழுதுகொண்டிருந்தாள்; காரணம் தெரியவில்லை.

காரணம் தெரியவில்லையாம்! தெரிந்துகொள்ள அவன் யார்?

அந்த அறிக்கையில் ஒரு பொய்கூட இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன். இதில் எனக்குள்ள ஆட்சேபமே அதுதான். வேவு பார்ப்பவன் பொய் சொல்லிவிடுவான் என்பதற்காக வேவைக் கண்டிக்கிறவர்கள் பாதிக் கண்டனத்தோடு நின்றுவிடுகிறார்கள். முழுக்க முழுக்க உண்மையைச் சொன்னாலும் அது திருட்டுத்தான். அந்தப் பதினைந்து நிமிஷம் அவளுடையது. அவள் தன் தாயிடம் சொல்லலாம், தோழியிடம் சொல்லலாம், நாளைக்குப் புருஷனிடம் சொல்லலாம்; ஒருவரிடமும் சொல்லாமல் தன்னோடு வைத்துக்கொண்டே செத்துப் போகலாம். அதை ஒருவன் எடுத்துக் காகிதத்தில் ஒட்டி, விலை போட்டு விற்றான், இன்னொருவர் வாங்கினார். அந்தச் சம்பந்தம் நின்று போயிற்று. "மனசு சரியில்லாத பெண்ணாக இருக்குமோ" என்று சந்தேகம் வந்துவிட்டதாம். எதற்காக நின்று போயிற்று என்பது அந்தப் பெண்ணுக்கு இன்றுவரை தெரியாது. குற்றச்சாட்டு என்ன என்று தெரியாமல், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல், தீர்ப்பு மட்டும் வீடு தேடி வந்திருக்கிறது. கொலைகாரனுக்குக்கூட நம் நியாயஸ்தலங்கள் இப்படிச் செய்வதில்லை.

இனி அந்த வயிற்று நெருப்புக்கு வருகிறேன். அது பொய் நெருப்பல்ல. வெளிநாட்டில் ஏற்கெனவே ஒரு மனைவியை வைத்துக்கொண்டு இங்கே வந்து இன்னொரு தாலி கட்டிவிட்டுப் போன மாப்பிள்ளைகளைப் பற்றி நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். இல்லாத வேலையை இருப்பதாகச் சொன்னவர்கள், விவாகரத்தை மறைத்தவர்கள், கடனை மறைத்தவர்கள் உண்டு. பெண்ணைக் கொடுக்கிறவன் விசாரிக்காமல் கொடுக்க வேண்டும் என்று எந்தப் பைத்தியக்காரன் சொல்வான்?

விசாரியுங்கள். கேட்டு விசாரியுங்கள். "உங்கள் பிள்ளையின் சம்பளச் சீட்டைக் காட்டுங்கள், படிப்புச் சான்றிதழைக் காட்டுங்கள், முன்பு கல்யாணம் ஆகி முறிந்திருந்தால் கோர்ட் உத்தரவைக் காட்டுங்கள், உங்கள் ஆபீஸில் வந்து கேட்கப் போகிறேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் கேளுங்கள். காட்ட மறுக்கிறவன் வீட்டில் சம்பந்தம் செய்யாதீர்கள். சொல்லிவிட்டுச் செய்யக்கூடியது விசாரணை. சொல்லாமல் மட்டுமே செய்யக்கூடியது வேவு. இரண்டுக்கும் நடுவே இவ்வளவு தெளிவான கோடு இருக்கும்போது, அது தெரியாதது போல் நடிப்பதில்தான் நம் சாமர்த்தியம் எல்லாம் செலவாகிறது. நேரே கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கிறது. "மரியாதையாக இருக்காதே" என்கிறோம். ஒளிந்து பார்ப்பது மட்டும் மரியாதையாக்கும்!

கல்யாணத்தோடும் இது முடிவதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஆள் வைத்த கை, பின்னால் சும்மா இருக்குமா? புருஷன் மனைவியின் போனையும், மனைவி புருஷனின் போனையும் துழாவுகிறார்கள். 2024 அக்டோபரில் சென்னை ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளையில் ஒரு வழக்கு. மனைவியின் அழைப்புப் பட்டியலை அவளுக்குத் தெரியாமல் எடுத்து, விவாகரத்துக்குச் சாட்சியமாகக் கொண்டுவந்தார் கணவர். நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் அதை ஏற்கவில்லை. மனைவி நாட்குறிப்பு எழுதினால், அவள் சம்மதமில்லாமல் கணவன்கூட அதைப் படிக்கக் கூடாது. நாட்குறிப்புக்குச் சொன்னது செல்போனுக்கும் பொருந்தும் என்ற கருத்தில் தீர்ப்பு எழுதினார். தாலி கட்டியவன் கையில் பீரோ சாவி மட்டுமல்ல, மனசுக்குச் சாவியும் இருக்கிறது என்று நினைக்கிற நாட்டில் இது சாதாரணத் தீர்ப்பு அல்ல.

ஆனால் 2025 ஜூலை 14 அன்று சுப்ரீம் கோர்ட் வேறொரு வழக்கில் வேறு வழியில் போயிற்று. பஞ்சாபிலிருந்து வந்த வழக்கு அது. மனைவியின் பேச்சைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தார். தம்பதிகளுக்கிடையே நடக்கும் வழக்கில் அந்தப் பதிவைச் சாட்சியமாகக் கொள்ளலாம் என்றார்கள். ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலை வந்துவிட்டால் அந்தக் கல்யாணம் முன்பே முறிந்துவிட்டது என்பதுதான் பொருள் என்றும் சொன்னார்கள். சுப்ரீம் கோர்ட் சொன்னால் சட்டம், தலை வணங்குகிறேன். ஆனால் எனக்குப் பட்டதைச் சொல்லும் உரிமையும் அதே சட்டம் எனக்குக் கொடுத்திருக்கிறது. காய்ச்சல் நோயின் அறிகுறி என்பது சரிதான். ஆனால் காய்ச்சலும் ஆளைக் கொல்லும். ரகசியப் பதிவுக்குக் கோர்ட்டில் மதிப்பு உண்டு என்று தெரிந்தபின், சாதாரணச் சண்டை போட்டுச் சமாதானமாகிப் போகிற தம்பதிகள்கூட, சண்டை நடுவே, தலையணைக்கடியில் போனைத் தட்டிவிட மாட்டார்களா? முறிந்த கல்யாணத்துக்குச் சொன்ன நியாயம், முறியாத கல்யாணத்தையும் முறிக்கும் என்று நான் அஞ்சுகிறேன்.

"வேவு பார்ப்பதை வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே" என்று ஒரு தமிழ்ப் பண்டிதர் எனக்கு மடக்குப் போட்டார். ஆம், ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, ஐம்பத்தொன்பதாவது அதிகாரம். அது எங்கே இருக்கிறது? பொருட்பாலில், அரசனுக்குச் சொன்ன பகுதியில் இருக்கிறது. அங்கேயும், ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சோதித்த பிறகே கொள்ள வேண்டும் என்று எச்சரிக்கை செய்கிறார். இல்லறத்தானுக்கு அவர் ஒற்றனைக் கொடுக்கவில்லை. இல்லறவியலில் அவர் வைத்தது அன்புடைமை; அவர் வைத்தது புறங்கூறாமை. அரசனுக்குச் சொன்னதை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டு வள்ளுவரைச் சாட்சிக்கு அழைத்தால், அவர் வர மாட்டார்.

எங்கள் எழுத்தாளர் ஜாதிக்கும் இதில் பங்கு இருக்கிறது. வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்திலிருந்து துப்பறிகிறவனைத் தமிழ் வாசகன் தோளில் தூக்கி வைத்திருக்கிறான். தேவனின் சாம்புவோடு சிரித்தோம். தமிழ்வாணனின் சங்கர்லாலோடு தேநீர் குடித்தோம். அந்தக் கதைகளில் ஒரு தர்மம் இருந்தது. முதலில் ஒரு குற்றம் நடக்கும். அப்புறம்தான் துப்பறிகிறவன் வருவான். கொலை நடந்த வீட்டுக்குச் சங்கர்லால் போவார். ஒரு குற்றமும் நடக்காத வீட்டில், பெண் பார்க்க வந்தவர்கள் சார்பில், ஜன்னலருகே ஒளிந்துகொண்டு நிற்க மாட்டார். இன்றைக்கு நாம் குற்றத்தை நீக்கிவிட்டோம். துப்பை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம். குற்றம் இல்லாத இடத்தில் துப்பறிகிறவன் என்ன செய்வான்? கூலிக்கு ஏதாவது காட்டியாக வேண்டுமே! ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்ட சகபாடி அப்போது கதாநாயகனாகிவிடுகிறான்.

என்ன செய்யலாம்? சட்டத்தால் ஆகவேண்டியது கொஞ்சம் இருக்கிறது. 2007ல் வந்து போன மசோதாவைத் தூசி தட்டி எழுதட்டும். துப்பறிகிறவனுக்கு லைசென்ஸும், யார் எதற்காக அமர்த்தினார்கள் என்று எழுதி வைக்கும் பதிவேடும் வேண்டும். குற்றமோ வழக்கோ இல்லாத தனிமனிதரைப் பின்தொடரக் கூடாது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். வேவு பார்க்கப்பட்டவருக்கு, தன்னைப் பற்றி எழுதப்பட்டதைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் உரிமை வேண்டும். இது ஒன்று மட்டும் சட்டமானால் போதும். பாதி அறிக்கைகள் எழுதப்படாமலே போய்விடும். சர்க்காரின் ஒட்டுக்கேட்புக்கும் நீதிபதி ஒருவரின் கையெழுத்து வேண்டும் என்று சேர்த்தே கேட்போம். வீட்டு ஒற்றனை விட்டுவிட்டு நாட்டு ஒற்றனை மட்டும் எதிர்ப்பவன் குரலுக்குப் பலம் இருக்காது.

மிச்சமெல்லாம் நம் கையில் இருக்கிறது. கூலி கொடுக்க ஆள் இருக்கும்வரை கண் விற்பனைக்கு இருக்கும். இதைப் படிக்கிற உங்களில் சிலர் வீட்டிலும் தை மாதத்துக்கு ஒரு கல்யாணம் பேசிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் வீட்டுக்கு வரப்போகிற பெண் பிறகு முப்பது நாற்பது வருஷம் உங்களோடு இருந்து, உங்களுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, உங்கள் பேரனுக்கு உங்கள் பெயரை வைக்கப் போகிறவள். அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள அத்தனை வருஷம் இருக்கிறது. என்ன தெரிய வேண்டுமோ, அவளையே கேளுங்கள். ஒரு நாள் அவளாகவே உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பஸ் நிறுத்தத்தில் அன்றைக்கு ஏன் அழுதேன் தெரியுமா என்று சொல்லக்கூடும். அவள் சொல்கிற நாளில் நீங்கள் அதை ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கியிருக்கக் கூடாது.